கடத்தல் என்னும் வினையும் அதன் இனச்சொற்களும்

பல்லாண்டுகட்கு முன்னர் யான் உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக அமர்ந்திருந்தபோது, புறநானூற்றுப் புலவர்களுள் ஒருவனாகிய பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்பானது பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். கடைசிப் பலகையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, 'ஐயா, ஒரு படை முழுவதையும் அந்தப் பாண்டியன் எப்படிக் கடத்தினான்? எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தான்?' என்று வினவினான். வகுப்பு முழுதும் நகைத்தது. யானும் நகைத்துவிட்டு, கடத்தல் என்பதற்கு வெல்லுதல் என்று ஒரு பொருள் உண்டென்று கூறி, மேலே நடந்தேன்.

அவ்விடை பிழையன்று, எனினும் நிறைவுடையதும் அன்று. வெல்லுதல் என்பதே பொருளாயின் 'ஆரியப்படை வென்ற' என்றே முன்னோர் கூறியிருக்கலாமே, ஓசைக்கும் குறைவில்லை. அவர் 'கடந்த' என்றது எற்றுக்கு? அம்மாணவன் விளையாட்டாகக் கேட்ட வினா என்னை விட்டு நீங்கிற்றில்லை. ஓய்வு பெற்ற பின்னர் நிகண்டுகளையும் உரைகளையும் மீண்டும் புரட்டுங்கால், பிறரினும் மேற்படுதலைக் குறிக்கும் நம் வினைச்சொற்கள் எல்லாம் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் தம்முள் ஆழ்ந்த வேறுபாடு உடையன என்பதும், அவ்வேறுபாடு சைவ நூற்பொருளை உணர்தற்கும் வேண்டப்படுவது என்பதும் புலனாயின. அவற்றை ஈண்டு அன்பர் முன் வைக்கின்றேன்.

சொல்லுருவம்

முதற்கண் மாணவன் மயங்கியதன் காரணத்தை ஆராய்வோம். 'கட' என்பது தன்வினைப் பகுதி. அதனோடு 'தல்' என்னும் தொழிற்பெயர் விகுதி சேருங்கால் இடையே தகர ஒற்றுத் தோன்றிக் 'கடத்தல்' ஆகும். நட என்பது நடத்தல் ஆயினாற் போல. இனி, 'கடத்து' என்பது பிறவினைப் பகுதி. கடக்கச் செய் என்பது அதன் பொருள். அதனோடு 'அல்' விகுதி சேரும்போது ஈற்றுகரம் கெட்டு, அதுவும் 'கடத்தல்' என்றே நிற்கும். எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று, மாத்திரையும் ஒன்று. பகுதியும் விகுதியும் பொருளுமே வேறு. வேந்தனது வெற்றியைச் சொல்லும் கடத்தல் முன்னையது. செய்தித்தாள்களில் நாடோறும் காணும் பொற்கடத்தலும் ஆட்கடத்தலும் பின்னையன. நாடு கடத்தல், நாள் கடத்தல் என்பனவும் பின்னைய சொல்லின் வழக்கே. கம்பியொன்று மின்சாரத்தைத் தன் வழியே செலுத்துதலையும் கடத்தல் என்றே இக்காலத்து அறிவியல் நூலார் வழங்குகின்றனர்.

தன்வினைக் கடத்தலும் முற்றும் அழிந்தொழியவில்லை. ஆற்றைக் கடந்தான், நூறாண்டு கடந்தது, கடந்த மாதம் எனப் பேச்சு வழக்கிலும் அஃது உயிரோடு உலவுகின்றது. வெளிநாடு செல்வார் கையில் வைத்திருப்பது கடவுச்சீட்டு. ஈழநாட்டார் தெருவின் குறுக்கே நடந்து செல்லும் இடத்தைக் கடவை என்பர். ஆயினும், பிறரினும் மேற்படுதல் என்னும் பழம்பொருளில் இவ்வினை இன்று அருகிவிட்டது. அப்பொருட்கு விஞ்சுதல், மிஞ்சுதல், மேம்படுதல், வெல்லுதல் என்பனவே முன்வந்து நிற்கின்றன.

இனச் சொற்கள்

மேற்படுதலைக் குறிக்கும் சொற்களை மூன்று குடும்பமாகப் பகுத்துக் காணலாம்.

முதற் குடும்பம் அளவு பற்றியது. மிகுதல், மிஞ்சுதல், விஞ்சுதல், மீறுதல் என்பன இதன்பாற் படும். மிஞ்சுதலும் விஞ்சுதலும் ஒரு சொல்லின் இரு வடிவங்கள் என்றே கொள்ளத்தகும். விழுங்கு என்பது முழுங்கு என்றும் விழி என்பது முழி என்றும் உலக வழக்கில் வருதல் போல, வகரமும் மகரமும் ஈண்டு மயங்கின. இரண்டனுள் விஞ்சுதல் ஏட்டு வழக்கையும், மிஞ்சுதல் வீட்டு வழக்கையும் சார்ந்தன. இரவில் அடுக்களையில் சோறு மிஞ்சிற்று என்று பெண்டிர் கூறுவர். வேண்டிய அளவுக்குமேல் நின்றது என்பதே கருத்து. தம்பி கல்வியில் அண்ணனை விஞ்சினான் என்புழியும் அளவே பொருள். இருவர்பாலும் கல்வி உண்டு. ஒருவன்பால் அது மிகுதி. ஆகவே விஞ்சுதல் நிகழ்தற்கு மூன்று வேண்டும்: விஞ்சுவான் ஒருவன், விஞ்சப்படுவான் ஒருவன், இருவர்க்கும் பொதுவாகிய பண்பு ஒன்று. இம்மூன்றனுள் ஒன்று இல்வழி அவ்வினை நிகழாது.

இரண்டாம் குடும்பம் போர் பற்றியது. வெல்லுதல், அடுதல், உறழ்தல் என்பன இதன்பாலன. இவற்றுக்குப் பகைவன் ஒருவன் எதிரே வேண்டும். இதனுள் ஒரு நுட்பம் உளது. தொல்காப்பியனார் உவமவியலில் முப்பத்தாறு உவம உருபுகளை எடுத்தோதினார். அவற்றுள் போல, ஒப்ப என்பவற்றோடு எள்ள, வெல்ல, நடுங்க, ஓட முதலியனவும் உள. 'முத்தை வெல்லும் பல்' என்றால் முத்துப் போன்ற பல் என்பதற்கு மேற்படப் பொருள் கொள்ளுவார் இலர். வென்றது என்று சொல்லியும் அஃது ஒத்தது என்ற அளவிலேயே நின்றுவிட்டது. காரணம் யாதெனின், வெல்லுவதும் தோற்பதும் ஒரு களத்தில் நிற்கவேண்டும். ஒரு களத்தில் நின்றாலே இரண்டற்கும் ஒப்புமை வந்துவிடும். ஆகவே வெல்லுதல் என்னும் சொல், தோற்றவனையும் தன்னோடு கட்டி இழுத்துக்கொண்டே செல்வது.

மூன்றாம் குடும்பம் எல்லை பற்றியது. கடத்தல், இறத்தல், இகத்தல், கழிதல், தாண்டுதல் என்பன இதன்கண் அடங்கும். இவற்றுக்குப் பகைவனும் வேண்டா, பொதுப்பண்பும் வேண்டா. எல்லை ஒன்றே போதும். ஆற்றைக் கடந்தான் என்பேம். ஆற்றை விஞ்சினான் என்னேம். கடந்தபின் கரை பின்னே நின்றுவிடும்; கடந்தவன் அதனைத் திரும்பி அளந்து பார்த்துக்கொண்டு நிற்றல் வேண்டியதில்லை.

இக்குடும்பத்துச் சொற்கள் மிகுதிப் பொருளையும் தாங்கும் என்பதற்குச் சான்று உரிச்சொற்களிலே கிடக்கின்றது. தொல்காப்பியர் மிகுதி குறித்து உறு, தவ, நனி என்னும் மூன்றை ஓதினார். நன்னூலார் அவற்றோடு சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்தார். கழி என்பது கழிதல், அஃதாவது அப்பாற் செல்லுதல். இறத்தல் என்பதினின்றும் பிறந்த 'இறப்ப' என்னும் சொல்லும் மிகவும் என்று பொருள்படும். இலக்கணத்தார் சென்றுபோன காலத்தை இறந்த காலம் என்றனர்; உலகத்தார் உயிர் நீங்குதலை இறத்தல் என்றனர். எல்லைக்கு அப்பாற் சென்றது என்பதே அனைத்திற்கும் அடிக்கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லை கடத்தல் எப்பொழுதும் புகழ்ச்சியன்று. ஆணை கடத்தல் குற்றம். வரம்பு இகத்தல் குற்றம். மீறுதல் என்பதோ பெரும்பாலும் குற்றப்பொருளிலேயே நின்றுவிட்டது. திருவள்ளுவனார் பொறையுடைமை அதிகாரத்தில் பிறர் நெறி கடந்து செய்யும் தீங்கை இறப்பு என்னும் சொல்லாற் சுட்டினார். வடமொழியிலும் இவ்வாறே 'அதி' என்னும் ஒரே இடைச்சொல் அதிசயம் என்புழி உயர்வையும், அதிக்கிரமம் என்புழி வரம்பு மீறலையும், அதீதம் என்புழி அப்பாற்பட்ட நிலையையும் தருகின்றது. ஆகவே கடத்தல் நன்றோ தீதோ என்பதனை அச்சொல் உரைக்கமாட்டாது. எதனைக் கடந்தான், எங்ஙனம் கடந்தான் என்பனவே உரைக்கும்.

வேந்தர் பெயரிற் காணும் வரலாறு

எங்ஙனம் என்னும் அவ்வினாவிற்குப் பழைய உரையாசிரியர் விடை வியக்கத்தக்கது. புறநானூறு 1894 ஆம் ஆண்டில் டாக்டர் சாமிநாதையரவர்களால் அச்சேறியபோது முதல் இருநூற்றறுபத்தாறு பாட்டுகட்குப் பழைய உரையும் உடன் வெளிவந்தது. கடந்து அடும் படை என்றாற் போன்ற இடங்களில் கடத்தல் என்பதற்கு வெறும் வெற்றி என்று அவ்வுரைகாரர் எழுதிச் செல்லவில்லை. வஞ்சனை செய்யாமல் எதிரே நின்று பொருது கொல்லுதல் என்னும் கருத்தை அச்சொல்லினுள் வைத்து உரைத்தார். பொருளோடு அறமும் உடன் வந்தது. ஒளிந்து நின்று வென்றவன் வென்றவனே ஆகலாம், கடந்தவன் ஆகான்.

ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பெயரின் பெருமை இப்பொழுது விளங்கும். அவன் பாடியதாக ஒரு பாட்டே புறநானூற்றில் உளது. அது நூற்றெண்பத்து மூன்றாம் பாட்டு. அதில் அவன் தன் வெற்றியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கல்வியின் உயர்வையே கூறுகின்றான். பிறப்பால் வேற்றுமை கூறும் உலகிலும் கீழ்ப்பால் ஒருவன் கற்றானாயின் மேற்பால் ஒருவனும் அவனிடத்துச் செல்லுவான் என்கின்றான். பிறப்பென்னும் எல்லையைக் கல்வி கடக்கும் என்று, கடந்த என்னும் அடைமொழி பெற்றவனே சொல்லிய பொருத்தம் நினைந்து மகிழ்தற்குரியது. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தின் இறுதிக் கட்டுரை, வடவாரியர் படையைக் கடந்தவனும் அரசு கட்டிலில் உயிர்விட்டவனும் ஒரு நெடுஞ்செழியனே என்று கூறுகின்றது. தன் கோல் வளைந்ததை அறிந்த பொழுதே உயிர் நீத்தவன் அவன். பகைவர் படை முன்னே நேர்நின்றவன் தன் பிழையின் முன்னேயும் நேர்நின்றான்.

அவன் வழியினனாகிய மற்றொரு நெடுஞ்செழியன் தலையாலங்கானத்துச் செருவென்றவன். ஈண்டுக் கடந்த என்பது இல்லை, வென்ற என்பது வந்தது. எனினும் அவன் வென்றது போரை. பிற்காலச் சோழர் காலத்துக்கு வந்தால் வினை பின்னும் மாறுகின்றது. முதற் பராந்தகன் மதுரை கொண்டவன். பின்னர் மதுரையும் ஈழமும் கொண்டவன். சுந்தரசோழன் பாண்டியனைச் சுரம் இறக்கினவன். இறத்தல் என்னும் நம் பழம்வினையே ஈண்டுப் பிறவினையாகிப் பகைவனைப் பாலைநிலத்துக்கு ஓட்டுதலைக் குறித்தது. அவன் மகன் ஆதித்தன் பாண்டியன் தலை கொண்டவன். முதல் இராசேந்திரன் கங்கை கொண்டவன். 1025 ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திக் கடாரமும் கொண்டவன்.

கடந்த, வென்ற, கொண்ட என்று இம்மூன்று வினைகளையும் நிரல்பட நிறுத்திக் காண்க. முன்னதில் எப்படிப் போர் செய்தான் என்பது உளது; நடுவணதில் போரின் முடிவு உளது; பின்னதில் கைக்கு வந்த பொருள் உளது. நாடும் நதியும் தலையும் கொள்ளப்படும் பொருள்களாயின. பிற்காலத்து வேந்தர் அனைவரும் அறமிலர் என்பது என் கருத்தன்று. திருமுறை காத்தும் திருக்கோயில் எடுத்தும் அவர் செய்த தொண்டு உலகறிந்தது. பட்டப்பெயரில் எவ்வினையைப் பொறித்தல் பெருமை என்று ஒரு காலம் கருதிற்று என்பதனையே யான் காட்டுகின்றேன்.

இச்சொல்லின் கடைசித் திருப்பம் நம் காலத்தது. எல்லையில் விதித்த தீர்வையைக் கொடாமல் பண்டத்தை மறைவாகக் கொண்டு செல்லுதலுக்குக் கடத்தல் என்று பெயர் வந்தது; பின்னர் ஆளைக் கவர்ந்து செல்லுதற்கும் அதுவே பெயராயிற்று. 1070 முதல் ஆண்ட முதற் குலோத்துங்கன் சுங்கந்தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். சுங்கமே தவிர்ந்த இடத்தில் இக்கடத்தலுக்கு வேலை இருந்திராது. பழந்தமிழர் மறைந்து சென்று ஆநிரை கவர்தலை ஆகோள் என்றனரேயன்றிக் கடத்தல் என்றாரில்லை. வஞ்சனையின்மையைத் தன் பொருளாகவே கொண்டிருந்த ஒரு சொல்லின் ஓசை, இன்று வஞ்சனைக்கே பெயராக நிற்கின்றது. அம்மாணவன் பிழை செய்தானல்லன். அவன் பிறந்த காலம் அவனுக்குக் கொடுத்த பொருளையே அவன் கொண்டான். பழம்பொருளை எடுத்துக் கொடுத்தல் நம் கடன். அதனை அன்று யான் செவ்வனே செய்யவில்லை.

ஐந்தாம் வேற்றுமை காட்டும் வழி

இனி, வினையை விட்டு வேற்றுமைக்குச் செல்வோம். இன் என்னும் ஐந்தாம் வேற்றுமை உருபு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருளில் வரும் என்று நன்னூலார் வகுத்தார். மலையின் இழிந்தான் என்பது நீங்கல். ஊரின் வடக்கே குளம் என்பது எல்லை. நிலவின் வெண்மையது நீறு என்புழி, நிலவைப் போல் என்று கொண்டால் ஒப்பு. நிலவைக் காட்டிலும் என்று கொண்டால் உறழ்ச்சி. ஓர் உருபே நீங்குதலையும் ஒத்தலையும் மேற்படுதலையும் ஒருங்கு தாங்குவது எவ்வாறு என்று இளமையில் யான் மயங்கியதுண்டு.

மேலே கூறிய மூன்று குடும்பங்களையும் நினைந்தால் மயக்கம் தீரும். ஒன்றன் மேற்படுதற்கு வழி இரண்டு. அதனோடு ஒப்பிட்டு நின்று மிகுதல் ஒன்று. அதனை எல்லையாக வைத்து அதனின்றும் நீங்குதல் மற்றொன்று. முன்னது விஞ்சுதல், பின்னது கடத்தல். ஒப்பும் நீங்கலும் ஓர் உருபின் கீழ் அமைந்தது தமிழின் குறையன்று. மேற்படுதல் என்னும் தொழிலுக்கு இரு முகம் உண்டென்பதனை நம் மொழி தன் உருபிலேயே வைத்திருக்கின்றது.

கடவுள் என்னும் பெயர்

இவ்விரு வழிகளுள் எதனை முன்னோர் இறைவனுக்குரிய பெயரில் வைத்தனர்? கடவுள் என்றே கூறினர். விஞ்சுதல், மிகுதல், வெல்லுதல் என்பவற்றினின்றும் இத்தகைய பொதுப்பெயர் ஒன்றை அவர் ஆக்கிக்கொள்ளவில்லை.

இச்சொல் பற்றி யான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கடந்தும் உள்ளும் நிற்பவன் ஆதலின் கட, உள் என்னும் இரண்டும் சேர்ந்து கடவுள் ஆயிற்று என்று மேடைதோறும் யான் கூறிவந்தேன். அன்பர்கள் தலையசைத்து மகிழ்ந்தனர். இளமையில் மடத்துப் பாடசாலையில் எனக்கு நன்னூல் பாடம் சொன்ன ஆசிரியர் முன்னிலையிலும் இவ்விளக்கத்தை ஒருமுறை கூறினேன். அவர் சினவாது, 'தம்பி, அப்படியானால் செய்யுள் என்பதற்கு உள்ளே இருப்பது யார்? விக்குளுக்கு உள்ளே இருப்பது யார்?' என்று கேட்டார். நன்னூலார் தொழிற்பெயர் விகுதிகளை அடுக்கும்போது உள் என்பதனையும் ஒன்றாக வைத்தார் என்பது அப்பொழுதுதான் எனக்கு நினைவு வந்தது. கட என்னும் பகுதி, வகர உடம்படுமெய், உள் என்னும் விகுதி: இதுவே இலக்கண நெறி. செய்யுள் என்பது செய்யப்பட்டதற்கு ஆயினாற் போலக் கடவுள் என்பது கடந்து நிற்கும் பொருளுக்கு ஆயிற்று. இனிக் கடவு என்னும் பகுதியினின்று கொண்டு, அனைத்தையும் செலுத்துவோன் என்று உரைப்பாரும் உளர். கடவுதல் செலுத்துதலே ஆதலானும், இயவுள் என்னும் பழஞ்சொல்லும் தலைவனுக்கும் இறைவனுக்கும் வழங்குதலானும், அதுவும் தள்ளத்தக்கதன்று. உயிர்களையும் உலகையும் செலுத்தும் நிமித்த காரணன் இறைவன் என்னும் சித்தாந்தத்திற்கும் அஃது இயைந்ததே.

ஆயின் உள்ளே நிற்பவன் என்னும் கருத்து வீழ்ந்ததோ எனின், வீழ்ந்திலது. இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கும் முறையைச் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரம் தெளிவாக நிறுவியது. அவ்வளவு பெரிய பொருளுக்கு ஒரு விகுதியைச் சாட்சிக்கு அழைத்தல் வேண்டா. அழைத்தால், இலக்கணம் வல்லான் ஒருவன் அச்சாட்சியை வீழ்த்துங்கால் பொருளே வீழ்ந்தது என்று கேட்போர் மயங்குவர். இனிய விளக்கம் என்பதற்காகவே உண்மையல்லாத விளக்கத்தை வைத்துக் கொள்ளுதல் நம் நூலுக்குச் செய்யும் தொண்டாகாது. இப்பிழையை நெடுங்காலம் சுமந்தேன். ஈண்டு இறக்கி வைக்கின்றேன்.

இனி, கடந்தவன் என்பதன் நுட்பத்தைக் காண்போம். உயிரும் அறிவுடையது, இறைவனும் அறிவுடையவன். ஆகவே உயிரறிவை விஞ்சிய அறிவுடையவன் இறைவன் என்று ஒருவன் கூறின் அது போதுமோ? போதாது. விஞ்சுதற்குப் பொதுப்பண்பு வேண்டும் என்று முன்னரே கண்டோம். உயிரறிவு அறிவித்தால் அறிவது; இறைவனறிவு தானே அறிவது, பிறவற்றை அறிவிப்பது. இவை அளவாற் சிறியதும் பெரியதும் அல்ல, இயல்பாலேயே வேறு. கைவிளக்கின் ஒளியைக் கதிரவனொளி விஞ்சும். ஏனெனின் இரண்டும் ஒளி. கண்ணினது காணும் ஆற்றலைக் கதிரவனொளி விஞ்சியது என்று ஒருவரும் கூறார். அவ்வொளி கண்ணைக் காணச் செய்வது. உயிர்க்கும் இறைக்கும் உள்ள முறை இதுவே. இறைவனை உவமையற்றவன் என்று திருவள்ளுவனார் முதலதிகாரத்திலேயே வைத்ததும் இக்கருத்துப் பற்றியே. உவமை இல்லாத இடத்தில் வெல்லுதலும் இல்லை, விஞ்சுதலும் இல்லை. கடத்தல் ஒன்றே உண்டு. தொல்காப்பியத்துக் கந்தழி என்னும் சொல்லுக்கு உரை கூறிய நச்சினார்க்கினியரும் பற்றுக்கோடு வேண்டாது தத்துவங்களைக் கடந்து நிற்கும் பொருள் என்று இவ்வினையையே ஆண்டார்.

இவ்வேறுபாடு முத்திநிலையை உணர்தற்கும் வேண்டும். ஆன்ம தத்துவம் இருபத்து நான்கும் வித்தியா தத்துவம் ஏழும் சிவ தத்துவம் ஐந்துமாகிய முப்பத்தாறையும் உயிர் திருவருளாற் கடக்கும் என்பது நம் துணிபு. இதனைக் கேட்டு, அனைத்தையும் கடந்த உயிர் சிவத்துக்கு நிகராயிற்று என்று கொள்ளுவார் உளர். உமாபதிசிவனார் 1313 ஆம் ஆண்டளவில் அருளிய சங்கற்ப நிராகரணத்தில் மறுக்கப்பட்ட கொள்கைகளுள் சிவசமவாதமும் ஒன்று. அவ்வாதிகளின் மயக்கத்தைச் சொல்லளவில் கூறுவதாயின், கடத்தலை அவர் விஞ்சுதலாகக் கொண்டனர் எனலாம். ஏணியின் படிகளை ஒவ்வொன்றாக விஞ்சி ஏறினவன் உச்சியில் இருப்பவனுக்கு நிகர் என்பது அவர் கணக்கு. உயிர் கடந்தது தன்னைப் பிணித்த எல்லைகளை, ஒருவரையும் வென்றதில்லை. கடந்த பின்னரும் அது சிவத்தை அநுபவிப்பது, சிவத்துக்குப் போட்டியன்று.

ஏனாதிநாதர் வரலாறு

இதுகாறும் சொல்லாராய்ச்சியாகக் கூறியதனை ஒரு தொண்டர் தம் வாழ்வில் நிகழ்த்திக் காட்டினார். அவர் எயினனூரில் விளங்கிய ஏனாதிநாத நாயனார். இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில், சேக்கிழார் பெருமான் அவர் வரலாற்றை விரித்தருளினார்.

ஏனாதிநாதர் வேந்தர்க்கு வாட்பயிற்சி கற்பித்து, வரும் பொருளை அடியார்க்கு அளித்து வந்தார். அத்தொழிலே செய்த அதிசூரன் என்பானுக்கு மாணாக்கரும் வருவாயும் குறைந்தன. அவன் பெயரை நோக்குக. சூரரினும் மேற்பட்டவன் என்பது பொருள். பிறரை விஞ்சவேண்டும் என்பதே அப்பெயரிலும் நெஞ்சிலும் நின்றது. போரில் வெல்வார்க்கே கற்பிக்கும் உரிமை எனக் கூறிப் படைதிரட்டி வந்தான். வெளிப்படையாகப் பொருது தோற்றோடினான். இப்போரில் நாயனார் செய்தது புறநானூற்று உரைகாரர் கூறிய கடத்தல். வஞ்சியாது எதிர்நின்ற வெற்றி.

அவனுக்கு இரவில் உறக்கமில்லை. சுற்றத்தார் மடியாவண்ணம் நாம் இருவரே வேறிடத்திற் பொருவோம் என்று விடியற்காலையில் சொல்லியனுப்பினான். என்றும் நீறு பூசாதவன் அன்று நெற்றி நிறையப் பூசி, அதனைக் கேடயத்தால் மறைத்து வந்தான். நாயனார் ஒருவர்க்கும் அறிவியாது தனியே சென்றார். போர் முற்றி அவர் அவனை வீழ்த்தும் கணத்தில் அவன் கேடயத்தை விலக்கினான். திருநீற்றைக் கண்டார், இவர் பரமனுக்கு அடியவராயினார், இவர் கருத்தே முற்றுக என்று துணிந்தார். வாளையும் பலகையையும் கீழே இட நினைந்தவர் உடனே அந்நினைவை மாற்றினார். படையில்லாதவனைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சேர்தல் கூடாது என்று கருதி, பொருவார் போலப் படையேந்தியே நேர்நின்றார். அவன் தன் எண்ணத்தை முடித்தான். இறைவன் எதிர்நின்று நாயனாருக்கு அருள் செய்தான்.

இங்கு விஞ்சியவன் யார்? உலகக் கணக்கில் அதிசூரன். அவன் உயிரோடு நின்றான், இவர் வீழ்ந்தார். கடந்தவர் யார்? ஏனாதிநாதர். உயிராசையைக் கடந்தார், வெற்றி கைவந்த கணத்தில் அவ்வெற்றியையும் கடந்தார், தம்மைக் கொல்வானுக்குப் பழி வாராமற் காத்து, பகைமையையும் கடந்தார். வஞ்சியாது எதிர்நிற்றல் என்னும் பழம்பொருள் இங்கே உச்சநிலை எய்தியது. வஞ்சனை எதிரே நின்றபோதும் தாம் நேர்நின்றார். அந்நேர்மை ஈண்டு வெல்லுதற்குப் பயன்படவில்லை, தம்மை ஈதற்கே பயன்பட்டது. முற்பகற் போரில் படைக்கலத்தாற் கடந்தவர் பின்னைப் போரில் அன்பாற் கடந்தார். ஒரு வினையின் நெடிய வரலாறு ஒரு திருத்தொண்டர் வாழ்வின் இரு போர்களுள் அடங்கிவிட்டது.

முடிபு

விஞ்சுதல் பிறரை நோக்கி நிற்கும். கடத்தல் எல்லையை நோக்கி நிற்கும். விஞ்சினவன் தனக்குப் பின்னே வருபவனை அடிக்கடி திரும்பிப் பார்த்தல் வேண்டும். அதிசூரன் உறங்காதது இதனால். கடந்தவனுக்கு அவ்வச்சம் இல்லை. நம் பிள்ளைகட்கு மதிப்பெண்ணிலும் பொருளிலும் பிறரை விஞ்சுக என்று கற்பிக்கின்றோம்; அது முற்றும் தீதென்று கூறேன். ஆயின் விஞ்சுதல் ஒன்றே உயர்வு என்று அவர் நினைந்து வளர்வாராயின், கடத்தல் என்னும் சொல்லுக்கு அவர் அறியும் பொருள் செய்தித்தாட் பொருள் ஒன்றாகவே முடியும்.

அந்த மாணவன் இன்று எங்கேனும் பிள்ளை குட்டியோடு வாழ்ந்துகொண்டிருப்பான். அவனை எதிர்ப்படின் ஒன்று கூறுவேன்: 'தம்பி, அன்று நீ கேட்டது நல்ல கேள்வி. பாண்டியன் ஒருவரையும் கடத்தவில்லை. ஒளியாமல் நேரே நின்றான், அதனாற் கடந்தான்.' ஏனைய அன்பர்கள் இவ்வாராய்ச்சியிற் காணும் குற்றங்களைக் களைந்து, கொள்ளத்தக்கது உண்டாயிற் கொள்வார்களாக.